கொலராடோ மலைக்காட்டில் இலையுதிர்காலக் கரடி வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறி, மான் வேட்டையில் ஒன்றிரண்டு வருடம் பழகி, அடுத்து கருங்கரடி என்று யோசிக்கும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எல்லாப் பதில்களும் கொலராடோ மாநிலத்துக்கு மட்டுமே. பக்கத்து மாநிலத்தில் தேதியும் சட்டமும் மாறிவிடும். விதிகளை ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். அதனால் அந்தந்த வருடத்தின் பெருவிலங்கு வேட்டைக் கையேட்டை (கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை வெளியிடுவது) பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கரடியைச் சுட்டால் ஜெயில் இல்லையா? நம்ம ஊரில் தொடவே கூடாதே?

நம் ஊரில் நிச்சயம் ஜெயில்தான். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் திரிவது தேன்கரடி. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. இங்கே பேசுவது அமெரிக்கக் கருங்கரடியைப் பற்றி. இது வேறு இனம். கொலராடோவில் இருப்பவை ஏறக்குறைய 17,000 முதல் 20,000 வரை என்பது துறையின் மதிப்பீடு. எந்தப் பகுதியில் எத்தனை லைசென்ஸ் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வேட்டைக்கு விடுகிறார்கள்.

கருங்கரடி என்கிறீர்கள், படத்தில் செம்பட்டையாக இருக்கிறதே? அது கிரிஸ்லியா?

இல்லை. கிரிஸ்லி (வட அமெரிக்கப் பழுப்புக் கரடி) வேறு இனம். 'கருங்கரடி' என்பது இனத்தின் பெயர், நிறத்தின் பெயர் அல்ல. கொலராடோவில் தேன் நிறம், இலவங்கப்பட்டை நிறம், சாக்லேட் பழுப்பு, கன்னங்கறுப்பு எல்லாமே பார்க்கலாம். ஒரே தாய்க்கு இரண்டு நிறத்தில் குட்டிகள் இருப்பதும் உண்டு. இந்த மாநிலத்தில் உறுதியாகத் தெரிந்த கடைசி கிரிஸ்லி 1979இல் சான் ஹுவான் மலைகளில் கொல்லப்பட்டது. மொன்டானா, வயோமிங் போனால் கதை வேறு. அங்கே தோள் திமிலும் முகவாட்டும் பார்த்து இனம் பிரிக்கத் தெரியாமல் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது.

சீசன் எப்போது தொடங்கும்? வசந்தகாலத்தில் போகலாமா?

வசந்தகாலத்தில் முடியாது. 1992 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் மூன்று விஷயங்களைத் தடுத்தது: வசந்தகால வேட்டை, தீனி வைத்து வேட்டை, நாய் விட்டு வேட்டை. அதனால்தான் சீசன் செப்டம்பர் 2இல் பிறக்கிறது. ரைஃபிள் கரடி சீசன் செப்டம்பர் 2 முதல் 30 வரை. வில்லுக்கும் அதே மாதம்தான். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மான், எல்க் (பெரிய மான் இனம்) ரைஃபிள் சீசன்களோடு சேர்ந்தே ஓடும் கரடி லைசென்ஸ்களும் உண்டு.

கரடி மட்டுமே குறி என்றால் செப்டம்பரைப் பிடியுங்கள். அக்டோபர் கடைசியில் சினைக்கரடிகள் குகைக்குள் நுழையத் தொடங்கும். ஆண் கரடிகள் இன்னும் கொஞ்சம் வெளியே சுற்றும். நவம்பர் லைசென்ஸ் பெரும்பாலும் மானைத் தேடும்போது கரடி கண்ணில் பட்டால் பயன்படுத்துவதற்குத்தான். குகையில் படுத்துவிட்ட கரடியைச் சுடுவது சட்டப்படி குற்றம்.

லைசென்ஸ் கடையில் வாங்கிக்கொள்ளலாம்தானே? 'டிரா' என்கிறார்களே, அது என்ன?

செப்டம்பர் ரைஃபிள் லைசென்ஸ்கள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு உள்ளவை. குலுக்கல் முறையில் கொடுப்பதால் அதை டிரா என்கிறார்கள். விண்ணப்பக் கெடு ஏப்ரல் மாத முதல் செவ்வாய்க்கிழமை. செப்டம்பர் வேட்டைக்கு மார்ச்சில் முடிவெடுக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாமல் போய், ஜூனில் வந்து கேட்பார்கள். அப்போதும் கதவு முழுக்கச் சாத்தியிருக்காது. இரண்டாம் டிராவும், ஆகஸ்ட் தொடக்கத்தில் மிச்ச லைசென்ஸ் விற்பனையும் இருக்கின்றன. ஆனால் நல்ல பகுதிகள் அதற்குள் கைமாறியிருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை மூன்று. 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் ஹண்டர் எஜுகேஷன் சான்றிதழ் (வேறு மாநிலத்தில் வாங்கியதும் செல்லும்). 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு ஹேபிடட் ஸ்டாம்ப் (விலங்குகளின் வாழிடப் பாதுகாப்புக்கான கட்டணச் சான்று). டிராவில் கலந்துகொள்ளத் தகுதி தரும் இன்னொரு லைசென்ஸ். பெரும்பாலோர் வருடாந்தர சிறுவிலங்கு லைசென்ஸை வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளூர்வாசிக் கட்டணம் வேண்டுமென்றால் மாநிலத்தில் தொடர்ச்சியாக ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும்.

வேட்டைக் குறியீட்டை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். 'பி' என்று தொடங்கினால் கரடி. நடுவில் இருக்கும் மூன்று இலக்கம் பகுதி எண். கடைசி எழுத்து ஆயுதம்: 'ஆர்' ரைஃபிள், 'ஏ' வில், 'எம்' மஸில்லோடர் (குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் நிரப்பும் துப்பாக்கி). ஓர் எழுத்து பிசகினால் கையில் வில் இல்லாதவருக்கு வில் லைசென்ஸ் வந்து சேரும்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் (ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 எல்லாரும்) துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசுச் சட்டம். அதற்குள்ளேயே ஒரு விலக்கு: அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தவறு நடப்பது லைசென்ஸ் காலாவதியாகும் நாளில். வேட்டை முடிந்து ரைஃபிள் அலமாரியில் இருக்கும், லைசென்ஸ் மார்ச்சில் முடிந்திருக்கும், ஏப்ரலில் அது மத்தியச் சட்டப்படி பெருங்குற்றம். லைசென்ஸ் வாங்குவதற்கு முன்பே நண்பருடைய துப்பாக்கியை வாங்கிப் பயிற்சி பார்ப்பதும் இதே கணக்கில்தான் சேரும். வருடாந்தர லைசென்ஸை இடைவெளி விடாமல் புதுப்பியுங்கள். துப்பாக்கி வாங்குவதற்கு முன் ஒருமுறை குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். விசாவைப் பணயம் வைத்துச் செய்ய வேண்டிய பொழுதுபோக்கு அல்ல இது.

எந்தத் துப்பாக்கி? மானுக்கு வைத்திருப்பது போதுமா?

பெரும்பாலும் போதும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம்: குழல் விட்டம் 24 காலிபர், குழல் நீளம் 16 அங்குலம், கரடிக்குத் தோட்டா எடை 70 கிரெயின், 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். இது சட்டத்தின் அடிமட்டம்தான். நடைமுறையில் 308, 30-06, 6.5 கிரீட்மோர் போன்ற காலிபர் துப்பாக்கிகளில் உடையாமல் ஆழமாக இறங்கும் தோட்டாவாக எடுங்கள். 308இல் 150 முதல் 180 கிரெயின் வரை சரி. தோள் எலும்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும். மெல்லிய உறை கொண்ட தோட்டா கொழுப்பிலும் எலும்பிலும் சிதறி நின்றுவிடும்.

பயிற்சியை மேசையில் சாய்த்து வைத்து மட்டும் செய்யாதீர்கள். முதுகுப்பையின் மேல் துப்பாக்கியை வைத்து, உட்கார்ந்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது 200 கெஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் ஐந்துக்கு ஐந்து விழ வேண்டும். எந்தத் தூரத்தில் அது விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

இவ்வளவு பெரிய காட்டில் கரடியை எங்கே தேடுவது?

கரடியைத் தேடாதீர்கள், தீனியைத் தேடுங்கள். செப்டம்பரில் கரடிக்கு வேறு வேலையே இல்லை. குளிர்காலத் தூக்கத்துக்குக் கொழுப்பு சேர்க்க ஒரு நாளில் 20 மணி நேரம்வரை தின்னும், 20,000 கலோரிவரை உள்ளே போகும். மலை முழுக்க நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்த விலங்கு இப்போது காய்த்துக் கிடக்கும் இரண்டு மூன்று சரிவுகளை விட்டு நகராது. அந்தச் சரிவைக் கண்டுபிடிப்பதுதான் வேட்டையின் முக்கால்வாசி.

கொலராடோவின் மேற்குச் சரிவிலும் தெற்கிலும் முதல் தீனி கேம்பல் ஓக். நாம் நினைப்பதுபோல் ஓங்கிய மரம் அல்ல. ஆள் உயரத்திலிருந்து இரண்டாள் உயரம்வரை அடர்ந்து நிற்கும் புதர். 6,000 முதல் 9,000 அடி உயரத்தில், பெரும்பாலும் வெயில் படும் தெற்குச் சரிவுகளில் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் கொட்டை முற்றத் தொடங்கும். அதே உயரத்தில் ஓடைக்கரைகளில் சோக்செர்ரி. ஆகஸ்ட் பின்பகுதியிலிருந்து கறுத்துப் பழுத்துத் தொங்கும், வாயில் போட்டால் நாக்கு இழுக்கும். சர்வீஸ்பெர்ரி இன்னும் முன்னாலேயே பழுத்துவிடுவதால் செப்டம்பரில் வற்றிய பழம்தான் மிஞ்சியிருக்கும்.

வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது இது: தெற்கே பார்த்த ஓக் சரிவு, அதற்கு எதிரிலேயே வடக்கே பார்த்த அடர்ந்த ஊசியிலைக் காடு, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். தின்பது ஒரு பக்கம், படுப்பது மறுபக்கம். சான் ஹுவான், அன்கம்பாக்ரே பீடபூமி, கிராண்ட் மேசாவின் அடிச்சரிவுகள், டிரினிடாட் பக்கத்து மலைகள் எல்லாவற்றிலும் இந்த அமைப்பு உண்டு. தேசியக் காடாகவோ பொதுநிலமாகவோ இருப்பதை நில எல்லை காட்டும் செயலியில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கொலராடோவில் தனியார் நிலத்தில் 'நுழையாதே' பலகை இல்லாவிட்டாலும் அனுமதி வாங்கித்தான் கால் வைக்க வேண்டும். நல்ல ஓக் சரிவுகளில் பல தனியார் கையில்தான் இருக்கின்றன என்பது கசப்பான உண்மை.

ஓக் காய்க்காத வருஷம் என்ன செய்வது?

அப்படிப்பட்ட வருடங்கள் வரும். மே, ஜூனில் பிந்திய உறைபனி விழுந்து பூ கருகினால் ஒரு பள்ளத்தாக்கு முழுக்கக் கொட்டை இருக்காது. 2012இல் துராங்கோ பகுதியில் இப்படித்தான் காட்டுத் தீனி பொய்த்தது. கரடிகள் ஊருக்குள் குப்பைத்தொட்டி தேடி இறங்கின, அந்தப் பகுதியில் அவற்றின் எண்ணிக்கையே பெரிதாகச் சரிந்தது.

ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கிளையை வளைத்து, நுனியில் கொட்டை இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒரு சரிவில் இல்லையென்றால் 500 அடி மேலே ஏறியும் கீழே இறங்கியும் பாருங்கள். உறைபனி பள்ளத்தில் தேங்கும், அதனால் அடிவாரம் கருகி நடுச்சரிவு தப்பித்திருக்கலாம். எங்கேயுமே இல்லையென்றால் சோக்செர்ரி ஓடைகளுக்கு மாறுங்கள். வறண்ட வருடமாகவும் இருந்தால் கால்நடைக் குட்டைகளின் சேற்றோரம் தடம் பாருங்கள்.

கரடி அங்கே வந்து போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எச்சம்தான் முதல் சாட்சி. குச்சியால் கிளறிப் பார்த்தால் என்ன தின்கிறது என்று சொல்லிவிடும். மஞ்சள்பழுப்பாக, உடைத்த வேர்க்கடலைத் தோல்போல் சிராய் சிராயாக இருந்தால் ஓக் கொட்டை. கருஞ்சிவப்பாக, உருண்டை விதைகள் முழுசாகக் கிடந்தால் சோக்செர்ரி. மேலே பளபளப்பும் ஈரமும் இருந்தால் இன்றைக்கோ நேற்றோ போட்டது. வெளுத்துக் காய்ந்து வண்டு துளைத்திருந்தால் அந்த விருந்து முடிந்துபோனது.

அடுத்து, முறிந்த ஓக் கிளைகள். கரடி கிளையைத் தன் பக்கம் இழுத்து முறித்துத் தின்னும். இலை இன்னும் பச்சையாக வாடியிருந்தால் புதுசு. புரட்டிய கல்லும், எறும்புக்காகக் கிழித்த மட்கிய கட்டையும் கூடுதல் சாட்சி. ஆஸ்பென் மரப்பட்டையில் இருக்கும் கறுத்த நகக்கீறலைப் பார்த்துத் துள்ள வேண்டாம், அது பத்து வருடம் பழையதாக இருக்கும். சேற்றில் முன்கால் உள்ளங்கைத் தடம் நாலரை அங்குல அகலத்துக்கு மேல் இருந்தால் பெரிய உருப்படி.

காலையில் எங்கே உட்கார வேண்டும்? நடந்துகொண்டே தேடலாமா?

ஓக் புதருக்குள் நடந்து கரடியைப் பார்ப்பது நடக்காத காரியம். காய்ந்த இலை அப்பளம்போல் நொறுங்கும். உங்களுக்கு 10 கெஜம் தெரியும்போது அதற்கு மோப்பம் கால் மைலுக்குத் தெரியும். எதிர்ச்சரிவில் 400 முதல் 800 கெஜம் தள்ளி உட்கார்ந்து, 10x42 பைனாகுலரை முக்காலியில் மாட்டி, வெளிச்சம் வருவதற்கு முன்பே தயாராகுங்கள். தலை தெரியும் என்று காத்திருக்காதீர்கள். காற்றே இல்லாதபோது ஒரே ஒரு புதர் மட்டும் ஆடுகிறதா என்று பாருங்கள்.

காற்றைப் பற்றி ஒரு விதி: விடியற்காலையில் குளிர்காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும், சரிவில் வெயில் ஏறியபின் மேல்நோக்கிப் புரளும், மாலையில் மறுபடி இறங்கும். ஆகவே காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த பாதை ஒன்பதரைக்கு உங்களைக் காட்டிக்கொடுக்கும். கரடியைப் பார்த்ததும் ஓடாதீர்கள். அது தின்னும் திசையைப் பத்து நிமிடம் கவனித்து, காற்று திரும்பும் நேரத்தையும் கணக்கில் எடுத்து, சுற்றிப் போய் உங்கள் எல்லைத் தூரத்துக்குள் வாருங்கள். சுடும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணி பின்புவரை. பிற்பகலில் இடி மின்னல் கூடினால் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள்.

தீனி வைக்கக் கூடாது சரி. தேன் வாசனை தெளிக்கலாமா? கூப்பிடு கருவி ஊதலாமா?

தீனி வாசனை வரும் குச்சி, திரவம் எதுவும் கரடிக்குக் கூடாது. உப்புக்கட்டி, தானியம், இறைச்சிக் கழிவு எல்லாமே தீனிதான். யாரோ ஒருவர் போட்டுவிட்டுப் போன தீனி என்று தெரிந்தும் அதன்மேல் உட்காராதீர்கள். அந்த இடத்தை விட்டு விலகி, துறைக்குத் தகவல் கொடுங்கள்.

வாயால் ஊதும் கருவியில் மான்குட்டி அலறும் சத்தம் எழுப்புவது பழைய, நல்ல முறை. ஊத ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. சத்தம் நின்றதும் கரடிக்கு ஆர்வம் போய்விடும், பாதி வழியில் உட்கார்ந்து பெர்ரி தின்ன ஆரம்பித்துவிடும். 40 நிமிடம் தொடர்ந்து ஊதும் தெம்பு வேண்டும், உங்கள் முதுகைப் பார்க்க இன்னொருவரும் வேண்டும். சாப்பிட வருகிற விலங்கை நீங்களே அழைக்கிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆரஞ்சு சட்டை போட்டால் கரடி பார்த்துவிடாதா?

ரைஃபிள் சீசனில் ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பு கட்டாயம். இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம், தலையில் எல்லாப் பக்கமும் தெரியும் தொப்பி. ஆரஞ்சில் இலை இலையாக அச்சடித்த உருமறைப்புத் துணி கணக்கில் வராது. நீங்கள் அசையாமல் இருந்தால் கரடிக்கு அது பொருட்டே இல்லை. உங்களை முதலில் காட்டிக்கொடுப்பது உங்கள் வாசனைதான்.

பெரியதா சின்னதா என்று தூரத்திலிருந்து எப்படிக் கணிப்பது? குட்டி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

காதைப் பாருங்கள். இளங்கரடிக்குக் காது தலை உச்சியில் பெரிதாக, நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். முதிர்ந்த கரடிக்குத் தலை அகன்று, காது சிறுத்து இரு ஓரத்துக்கும் போய்விட்டதுபோல் தெரியும். கால் நீளமாகத் தெரிந்தால் சின்னது. வயிறு தரையைத் தொடுவதுபோல் தொங்கி, நடையில் ஓர் அலட்சியம் தெரிந்தால் பெரியது. வளர்ந்த ஆண் சராசரியாக 275 பவுண்டு, பெண் 175 பவுண்டு. தனியாக நிற்கும் எந்தக் கரடியும் முதல் பார்வையில் பெரிதாகவே தெரியும். ஐந்து நிமிடம் பார்த்தால் பாதிக் கரடிகள் சுருங்கிவிடும்.

ஒரு வயது ஆகாத குட்டியையோ, குட்டியோடு இருக்கும் தாயையோ சுடக் கூடாது. குட்டி அம்மாவை ஒட்டியே நிற்கும் என்று நினைப்பதுதான் பிழை. தாய் புதரில் தின்னும்போது குட்டி 50 கெஜம் தள்ளி மரத்தின்மேல் இருக்கலாம். குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் அரை மணி, கரடியைச் சுற்றியுள்ள இடத்தைப் பாருங்கள். அது அடிக்கடி ஒரே திசையில் திரும்பிப் பார்க்கிறதா, உறுமி அழைக்கிறதா? சந்தேகம் தீரவில்லையென்றால் சுட வேண்டாம்.

எங்கே குறி வைப்பது?

பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் நடு உயரத்தில். மானுக்குப் பழகியவர்கள் தாழ்வாக வைத்துத் தவறவிடுவது இங்கேதான். இலையுதிர்கால முடி நாலைந்து அங்குலம் நெஞ்சுக்குக் கீழே தொங்கும். கண்ணுக்குத் தெரியும் அடிவிளிம்பு உடல் அல்ல, வெறும் மயிர். முன்கால் முன்னே நீட்டியிருக்கும் நொடிக்குக் காத்திருங்கள், தோள் விலகி நுரையீரல் திறக்கும். நேருக்கு நேர் நிற்கும்போதும், பின்புறம் காட்டும்போதும் வேண்டாம்.

சுட்டேன், கரடி ஓடிவிட்டது, தரையில் ரத்தமே இல்லை. தவறிவிட்டதா?

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். மூன்று நான்கு அங்குலக் கொழுப்பு துளையை அடைத்துவிடும், கிளம்பும் ரத்தத்தை மேலே சொன்ன முடி பஞ்சுபோல் உறிஞ்சும். நல்ல நுரையீரல் அடிக்கும் முதல் 50 கெஜத்தில் ஒரு சொட்டுக்கூட விழாமல் போகலாம். தோட்டா உள்ளே தங்காமல் மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பது இதனால்தான்.

சுட்ட இடத்திலிருந்து கரடி கடைசியாகத் தெரிந்த இடத்தை ஒரு மரம், ஒரு பாறை என்று அடையாளம் வைத்துப் போனில் படமும் எடுங்கள். அரை மணி நேரம் அசையாதீர்கள், காதைத் தீட்டிக் கேளுங்கள். சில கரடிகள் சாகும்போது நீண்ட முனகல் எழுப்பும், எல்லாம் எழுப்பாது. பிறகு இருவராக, தோட்டா ஏற்றி, புதரின் இலைகளில் இடுப்பு உயரத்தில் ரத்தப்பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் தரையில் சொட்டுவதைவிட இலையில் ஒட்டுவதுதான் அதிகம். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் பக்கத்தில்தான் கிடக்கும். பச்சையும் நாற்றமும் கலந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது, பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இருட்டில் அடர்ந்த ஓக் புதருக்குள் தவழ்ந்து போகாதீர்கள். மாலைக் கடைசி வெளிச்சத்தில் சுடுவதை நாங்கள் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம்.

விழுந்துவிட்டது. முதல் வேலை என்ன?

பின்னாலிருந்து அணுகி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். உயிர் இல்லையென்று உறுதியானபின் லைசென்ஸோடு வரும் டேக்கை (கரடியின் உடலில் கட்டும் அடையாளச் சீட்டு) கையெழுத்திட்டுப் பிரித்துக் கட்டுங்கள். படம் எடுப்பதெல்லாம் அதன் பிறகு, அதுவும் சீக்கிரம். செப்டம்பரில் பகல் வெயில் 25 டிகிரியைத் தாண்டும். கரடி தன் உடம்பிலேயே ஒரு கம்பளியும் ஒரு கொழுப்புப் போர்வையும் போர்த்தியிருக்கிறது, சூடு உள்ளேயே தங்கும். மான்போல் குடலை எடுத்துவிட்டு நாளைக் காலை பார்க்கலாம் என்று விட்டால் தொடை எலும்பை ஒட்டிய கறி புளித்துவிடும். தோலின் முடியும் கழலும்.

இரண்டு மணி நேரத்துக்குள் தோலை உரித்து, நான்கு கால்களையும் பிரித்து, முதுகுக் கறியையும் உள்கறியையும் எடுத்து, காற்றோட்டமான துணிப்பைகளில் நிழலில் தொங்கவிடுங்கள். பாதங்களைக் கணுக்காலில் வெட்டித் தோலோடு விட்டுவிடலாம், விரல்களைப் பிறகு நிதானமாக உரிக்கலாம். ஆணா பெண்ணா என்பதற்கான உறுப்பைக் கத்தி படாமல் இயல்பாகவே ஒட்டியிருக்க விடுங்கள். அது பரிசோதனைக்கு வேண்டும். உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டுவிட்டுத் தோலை மட்டும் தூக்கி வருவது சட்டவிரோதம்.

தனியாகச் சுமந்து வர முடியுமா?

முடியும், முதுகு உங்களுடையது. 200 பவுண்டு கரடியில் எலும்பு நீக்கிய கறி 70, 80 பவுண்டு தேறும். தலையோடு ஈரத்தோல் இன்னொரு 40, 50 பவுண்டு. 8,000 அடியில், கடல்மட்டத்திலிருந்து முந்தாநாள் வந்து இறங்கிய நுரையீரலோடு, இரண்டு மூன்று நடை. வண்டியிலிருந்து ஒன்றரை மைலுக்கு மேல், அதுவும் பள்ளத்துக்குள், சுடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். வண்டியில் ஐஸ் நிரப்பிய பெரிய கூலர் இரண்டு காத்திருக்கட்டும்.

துறை அலுவலகத்தில் காட்ட வேண்டுமாமே? ஃப்ரீசரில் வைத்துவிட்டு வசதிப்பட்டபோது போகலாமா?

சுட்ட நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தலையையும் தோலையும் காட்டி முத்திரை வாங்க வேண்டும். இரண்டும் உறையாமல் இருக்க வேண்டும். கல்லாக உறைந்த தலையைக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சிறிய பல் ஒன்றை எடுப்பார்கள். அதைக் குறுக்காக வெட்டினால் மரத்தின் வளையம்போல் வயது தெரியும். உடல் விறைப்பதற்கு முன்பே ஒரு கட்டைக் குச்சியை வாயில் குறுக்கே கொடுத்துத் திறந்து வையுங்கள். விறைத்தபின் திறப்பது பெரும்பாடு. அலுவலகம் எல்லா நாளும் திறந்திருக்காது, போன் செய்துவிட்டுப் போங்கள்.

கரடிக் கறி சாப்பிடலாமா? புழு இருக்கும் என்கிறார்களே?

சாப்பிடலாம். ஓக் கொட்டையும் பெர்ரியும் தின்ற கரடியின் கறி இனிப்பாகவே இருக்கும். பயம் நியாயமானதுதான். டிரிக்கினெல்லா என்ற கண்ணுக்குத் தெரியாத புழு தசைக்குள் இருக்கலாம். பன்றிக் கறிக்குச் சொல்வதுபோல் ஃப்ரீசரில் வைத்தால் சாகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. காட்டு விலங்குகளில் இருக்கும் சில வகைகள் உறைகுளிரைத் தாங்கும். வழி ஒன்றுதான்: கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், வெப்பமானியால் குத்திப் பார்த்து. புகை போட்ட கறி, வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம், நடுவில் சிவப்பு விட்ட ஸ்டேக் எதுவும் வேண்டாம். அரைத்த மெஷினையும் பலகையையும் நன்றாகக் கழுவுங்கள். பச்சைத் துண்டை நாய்க்கும் போடாதீர்கள்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு சௌகரியம், பிரஷர் குக்கர். உள்ளே 100 டிகிரிக்கு மேல் போவதால் புழுக் கவலையும் தீரும், கரடியின் முரட்டு நார்க்கறியும் வேகும். வெளிக்கொழுப்பை முழுக்க நீக்கி, எலுமிச்சை அளவு துண்டுகளாக வெட்டி, மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டோடு ஆறேழு விசில் விட்டு, பிறகு மிளகு தூக்கலாகப் போட்டுச் சுண்டவைத்தால் சுக்கா. நீக்கிய கொழுப்பை வீசாதீர்கள். பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிறு தீயில் உருக்கி வடிகட்டினால் வெண்மையாக உறையும். பொரிப்பதற்கும் தோல் பொருட்களுக்குப் பூசுவதற்கும் ஆகும்.

தோலைப் பதப்படுத்தக் கொடுக்கும்வரை எப்படி வைப்பது?

முதலில் பரிசோதனை, பிறகு ஃப்ரீசர் என்பதே எளிய வழி. மறுநாளே அலுவலகம் போக முடிந்தால் தோலை விரித்து ஆறவிட்டு, குளிர்ச்சியாக வைத்திருந்தாலே போதும். பிளாஸ்டிக் பையில் சூட்டோடு சுருட்டி வைத்தால் ஒரே இரவில் வயிற்றுப்பக்க முடி கையோடு வரும். போக நாலைந்து நாள் ஆகும் என்றால் உப்பு போட வேண்டும். கொழுப்பையும் கறித்துணுக்கையும் சுரண்டி எடுத்து, காது, உதடு, விரல்வரை பிரித்து, ஏறக்குறைய தோலின் எடைக்குச் சமமான அயோடின் இல்லாத உப்பைத் தேய்த்து, உட்பக்கம் உட்பக்கத்தோடு படும்படி மடித்து, சாய்வாக வைத்து நீர் வடியவிடுங்கள். ஒருநாள் கழித்து ஈர உப்பை உதறிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கொழுப்பை எடுக்காமல் போட்ட உப்பு உள்ளே இறங்காது.

பித்தப்பைக்கு நல்ல விலை கிடைக்குமாமே?

விற்பதும் வாங்குவதும் குற்றம். கறியை விற்பதும் அப்படியே. மாநில எல்லை தாண்டினால் மத்தியச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

தோலையோ மண்டையோட்டையோ ஊருக்குக் கொண்டுபோய் வீட்டில் மாட்டலாமா?

நினைத்த மாத்திரத்தில் முடியாது. கருங்கரடி சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவை விட்டு வெளியே கொண்டுபோக ஏற்றுமதி அனுமதி வேண்டும், இந்தியாவுக்குள் நுழைய அங்குள்ள இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேரும். அனுமதி இல்லாமல் பெட்டியில் வைத்துப் போனால் சென்னை விமான நிலையத்தில் பறிமுதல், அதோடு வழக்கும் வரும். காது ஒட்டிய கரடித்தோலை அங்கே காட்டி இது எங்கள் தேன்கரடி இல்லை என்று விளக்குவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். தோல் கொலராடோ வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும். முத்திரை குத்திய பரிசோதனைச் சீட்டையும் லைசென்ஸ் நகலையும் அதே வீட்டில் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.